வசுமதி வீட்டுக் கொலுவில் ஒரு சாலை

ஆபீஸிலிருந்து வரும் சார்ட்டர்ட் பஸ் எங்கள் செக்டர் வாசலில் நின்றதும் பெண்கள் எல்லாரும் வீட்டுக்குப் பறப்பார்கள். குக்கர் வைக்க வேண்டும், தண்ணீர் வரும் நேரம், பிள்ளைகள் டியூஷனிலிருந்து வந்திருக்கும். அந்த செப்டம்பரில் வசுமதி மட்டும் பறக்கவில்லை. சாலையோரத்து நாவல் மரத்தடியில் நின்றுகொண்டு, பையிலிருந்து கம்பளி நூலை எடுத்து ஸ்வெட்டர் பின்ன ஆரம்பித்தாள். கண் மட்டும் பின்னலில் இல்லை, சாலையில் இருந்தது.

ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் நான் அவளுக்கு நேர் மேல் வீடு. எங்கள் பால்கனியிலிருந்து அந்த மரம் நன்றாகத் தெரியும். அடுத்த வீட்டு விஷயம் தெரியாவிட்டால் எனக்குச் சாதம் இறங்காது. அதை ஒரு குறையாக நான் என்றைக்குமே நினைத்ததில்லை. யாருக்கு ட்ரான்ஸ்ஃபர், யார் வீட்டில் பெண் பார்க்க வருகிறார்கள் என்பதெல்லாம் தெரிந்து வைத்திருக்க ஒரு ஆள் எல்லா பிளாக்குக்கும் வேண்டும். எங்கள் பிளாக்குக்கு நான்.

சில நாள் பொறுத்துப் பார்த்தேன். முடியவில்லை. கீழே இறங்கிப் போய்க் கேட்டே விட்டேன்.

"என்னடி வசு, ஆத்துல சோஃபா இல்லையா? இங்க நின்னுண்டு பின்றே?"

"சும்மாத்தான் லதா."

சும்மாவாம். அவள் நின்ற இடத்துக்குச் சற்றுத் தள்ளி, சாலையை அளக்க வந்த ஆட்கள் சுண்ணாம்பால் கோடு போட்டுக்கொண்டிருந்தார்கள். வசுமதி அவர்களில் ஒருவனைக் கூப்பிட்டு, டெல்லி ஹிந்தியில், "பையா, நடுத்தடுப்புல இருக்கற இந்தத் திறப்பை மூடிடுவீங்களா?" என்று கேட்டாள். அவன் ஆமாம் என்று தலையாட்டினான். அவள் பின்னல் அதோடு நின்றுவிட்டது. நூலைச் சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

வசுமதியை உங்களுக்குச் சரியாகச் சொல்ல வேண்டும். தென்காசிப் பெண். கல்யாணத்துக்கு முன்பே பரீட்சை எழுதி மத்திய சர்க்கார் வேலை வாங்கி, டெல்லிக்குத் தனியாக ரயிலேறியவள். முதல் குளிரில் ஆபீஸில் பல் கிட்டிப்போய் உட்கார்ந்திருந்தவளுக்குப் பக்கத்து சீட் பஞ்சாபிக்காரிகள்தான் பின்னலூசி பிடிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். கணவர் கோபாலன் வேறொரு அமைச்சகத்தில் கணக்குப் பிரிவு. அந்த வீட்டில் குக்கர்கூட அவரைவிட அதிகமாகப் பேசும். ஒரே பெண் மாதங்கி, டெல்லியிலேயே பிறந்தவள். தமிழில் கேட்டால் ஹிந்தியில் பதில் சொல்வாள்.

வசுமதி சண்டைக்காரி இல்லை, கூட்டத்தில் பேசத் தெரிந்தவளும் இல்லை. ஆனால் நவராத்திரி வந்தால் எங்கள் செக்டர் மொத்தமும் அவள் வீட்டில்தான் இருக்கும். படியில் இருக்கும் பொம்மைகளுக்காக இல்லை. தசாவதாரமும் செட்டியாரும் எல்லார் வீட்டிலும்தான் இருக்கிறார்கள். படிக்குக் கீழே மண் கொட்டி, கடுகு முளைக்க விட்டு, பிள்ளைகள் பார்க் கட்டுவார்களே, அதுதான் அவளுடைய சாமர்த்தியம். அந்த இடத்தில் அவள் அந்த வருஷத்து உள்ளூர்ச் செய்தியை வைத்துவிடுவாள். வெங்காயம் ஆகாயத்துக்குப் போன வருஷம், நகைக்கடை ஒன்று கட்டி, கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரே ஒரு வெங்காயத்தை வைத்தாள். ஆபீஸில் குரங்குகள் அட்டகாசம் செய்த வருஷம், அதிகாரி நாற்காலியில் ஒரு குரங்கை உட்கார வைத்து முன்னால் ஃபைல் கட்டு. அவளுடைய அதிகாரியின் மனைவியே வந்து பார்த்துவிட்டு, "அப்படியே எங்காத்துக்காரர் மாதிரி இருக்கு" என்று சிரித்துவிட்டுப் போனாள். பேப்பரில் வராத எங்கள் செக்டர் செய்தி அந்தக் கடுகுத் தோட்டத்தில் வரும். இந்த வருஷம் என்ன என்று ஆடி முடிவதற்குள்ளேயே எனக்குள் குறுகுறுப்பு தொடங்கிவிடும்.

அந்த வருஷம் என்ன வைக்கப்போகிறாள் என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆகஸ்டில் நடந்ததை நானும்தான் பார்த்தேன்.

எங்கள் பிளாக்கில் பாதி வீடுகளுக்குப் பாத்திரம் தேய்ப்பவள் செங்கம்மாள். கள்ளக்குறிச்சிப் பக்கம். சாலைக்கு எதிர்ப்புறக் குடிசைகளில் இருந்தாள். குடிசைக்கும் குவார்ட்டர்ஸுக்கும் நடுவில் இருந்த அந்தச் சாலையை எல்லாரும் ஒரே இடத்தில்தான் கடப்போம். நடுத்தடுப்பில் ஓரிடத்தில் திறப்பு உண்டு, டெல்லியில் அதற்குக் 'கட்' என்று பெயர். பாதிச் சாலையைத் தாண்டி அந்தக் 'கட்'டில் நின்று, மூச்சு வாங்கி, மீதியைத் தாண்ட வேண்டும். அன்று மழை. செங்கம்மாள் 'கட்'டுக்கு ஒரு எட்டு இருக்கும்போது ஒரு வேன் அடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. அப்போதுதான் வசுமதி பஸ்ஸிலிருந்து இறங்கினாள். நான் பால்கனியில் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். அவள் குடையைத் தூக்கி எறிந்துவிட்டு ஓடினாள், ஆட்டோவை நிறுத்தினாள், செங்கம்மாள் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

உயிர் பிழைத்தது. கால் எலும்பு முறிந்தது. மாவுக்கட்டு பிரித்த பிறகு செங்கம்மாள் விந்தி விந்தி வேலைக்கு வந்தாள். அதற்குள் இரண்டு வீட்டுக்காரர்கள் வேறு ஆள் பார்த்துக்கொண்டார்கள்.

இந்த லட்சணத்தில்தான் சாலையை அகலப்படுத்தும் திட்டம் வந்தது. விமான நிலையத்துக்குப் போகும் கார்கள் நிற்காமல் போக வேண்டுமாம். இரண்டு பக்கமும் மரம் வெட்டி, சாலையை இரு மடங்காக்கி, அந்தக் 'கட்'டை மூடி, கம்பித் தடுப்பு போடப்போகிறார்கள். கடக்க வேண்டுமானால் மேம்பாலத்தடி வரைக்கும் போய்ச் சுற்றி வர வேண்டும். நல்ல கால்காரர்களே அலுத்துக்கொள்ளும் தூரம். செங்கம்மாள் அந்தக் காலோடு தினம் போக முடியாது. கம்பியைத் தாண்டிக் குதிக்கவும் முடியாது. மிச்சமிருந்த வீடுகளும் போய்விடும், அவ்வளவுதான்.

அசோசியேஷன் எதிர்ப்புக் கூட்டம் போட்டது. பார்க்கில் ஷாமியானா, சமோசா, மைக். செயலாளர் லட்சுமணன் தூசு என்றார், இரைச்சல் என்றார், மரம் என்றார், கார் நிறுத்த இடம் போய்விடும் என்று தொண்டை கட்டப் பேசினார். எல்லாம் நியாயம்தான். கடைசி வரிசையிலிருந்து வசுமதி எழுந்தாள்.

"அந்தப் பக்கம் போறவா எப்படி சார் கிராஸ் பண்றது?"

"மேடம், முதல்ல மெயின் பாயிண்ட் எல்லாம் முடியட்டும். அந்த மாதிரிச் சின்ன விஷயம் அப்பறம் பாத்துக்கலாம்."

யாரோ சிரித்தார்கள். வசுமதி உட்கார்ந்துவிட்டாள். எனக்கு வந்த கோபத்தில் சமோசாவைத் தொடாமல் எழுந்து வந்தேன். ஸ்கூட்டரில் போகிறவனுக்கு நடப்பவன் சின்ன விஷயம்தானே!

நவராத்திரி முதல் நாள் சாயங்காலம் தாம்பூலத்துக்குப் போன நான் வாசற்படியிலேயே நின்றுவிட்டேன். கொலுப் படிக்குக் கீழே கடுகுத் தோட்டம் இல்லை. கூடத்தின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை கறுப்புக் காகிதத்தில் ஒரு அகலச் சாலை. மாதங்கியின் பொம்மைக் கார்கள் அதில் நெருக்கியடித்து நின்றன. நடுவில் ஐஸ்க்ரீம் குச்சிகளால் கம்பித் தடுப்பு. எங்கேயும் திறப்பு இல்லை. ஒரு பக்கம் நம் குவார்ட்டர்ஸ், இன்னொரு பக்கம் தீப்பெட்டிக் குடிசைகள். சாலையின் நடுவில், தடுப்பை ஒட்டி, பச்சைப் புடவைத் துண்டு சுற்றிய ஒரு மரப்பாச்சி படுத்திருந்தது.

கொலுவில் பொம்மையைப் படுக்க வைப்பது விஜயதசமி அன்றைக்குத்தான். படுக்க வைத்தால் கொலு முடிந்தது என்று அர்த்தம். நடுவில் ஒன்று விழுந்து கிடந்தால் பார்த்தவர் கை தானாகவே நீளும். நானும் குனிந்து தூக்கினேன்.

"இருக்கட்டும் லதா," என்று வசுமதி அதை வாங்கி மறுபடியும் படுக்க வைத்தாள். "அப்படித்தான் வெச்சிருக்கேன்."

அடுத்தடுத்த நாட்களில் வந்த பெண்கள் எல்லாரும் அதையேதான் செய்தார்கள். "ஐயையோ, பொம்மை விழுந்துடுத்து பாருங்கோ" என்று தூக்குவார்கள், அவள் வாங்கிப் படுக்க வைப்பாள். சிலர் முகம் சுளித்தார்கள். "நல்ல நாளும் அதுவுமா இது என்ன அபசகுனம்?" என்று என் காதிலேயே ஒருத்தி சொன்னாள். செக்டர் முழுக்க இதே பேச்சு. இதற்குத்தானா இவள் இப்படி வைத்தாள் என்று நான் மண்டையைக் குடைந்துகொண்டேன்.

செங்கம்மாளுக்கும் இது பிடிக்கவில்லை. பச்சைத் துண்டு அவளுடைய கிழிந்த புடவையிலிருந்து எடுத்தது. அவளுக்கா தெரியாது?

"ஏம்மா, நான் செத்தா பூட்டேன்? எழுந்து வந்து உங்க சட்டிய கழுவிக்கினுதான இருக்கறன். என்னிய எத்தினி நாளைக்கி இப்டி ரோட்டுல போட்டு வெப்பீங்க?"

வசுமதி முகம் சிவந்துவிட்டது. "கொஞ்சம் பொறுத்துக்கோ செங்கம்மா. ஒருத்தர் வரணும்," என்றாள்.

யார் அந்த ஒருத்தர் என்று தெரியாமல் அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

சரஸ்வதி பூஜைக்கு முந்தின நாள் விடை வந்தது. பெரிய குவார்ட்டர்ஸிலிருந்து ஜெயலட்சுமி மாமி. அவள் கணவர் ராமசுப்ரமணியன் சாலைப் பணிகளைப் பார்க்கும் பெரிய இன்ஜினியர். அந்தச் சாலையின் வரைபடம் அவர் மேஜையில்தான் இருந்தது. ஆபீஸில் அவரைப் பார்க்க அசோசியேஷன் ஆட்கள் பலமுறை போய்ச் சும்மா திரும்பியிருந்தார்கள். வசுமதி ஆபீஸுக்குப் போகவில்லை. குங்குமச் சிமிழோடு அவர் வீட்டுக்குப் போய் மாமியைக் கொலுவுக்கு அழைத்துவிட்டு வந்திருந்தாள். குங்குமம் கொடுத்துக் கூப்பிட்டால் வராமல் இருக்க முடியுமா?

மாமி பாடினாள். நன்றாகவே பாடினாள். பாட்டு முடிந்து குனிந்தவள் கை, எல்லார் கையையும் போலவே, மரப்பாச்சியைத் தூக்கியது. இந்தத் தடவை வசுமதி வாங்கிக்கொள்ளவில்லை.

"விழுந்துடுத்தேம்மா. எங்க வெக்கணும் இத?"

"நீங்களே நிறுத்துங்கோ மாமி. வேலைக்கு வரணும் அவ. அந்தப் பக்கத்துலேர்ந்து இந்தப் பக்கம்."

மாமி சாலையில் நிறுத்தினாள், காரை இடித்தது. தடுப்பின் மேல் நிறுத்தினாள். ஐஸ்க்ரீம் குச்சி மேல் மரப்பாச்சி எப்படி நிற்கும்? விழுந்தது. இன்னொரு தடவை வைத்தாள். விழுந்தது. வாசலில் செருப்பு அவிழ்க்கும் சத்தம் கேட்டது. மாமியை அழைத்துப் போக வந்த ராமசுப்ரமணியனைக் கோபாலன்தான், வாய் திறக்காத அந்த மனிதர்தான், "சுண்டல் சாப்ட்டுட்டுப் போங்கோ" என்று உள்ளே கூட்டி வந்திருந்தார்.

"ஏன்னா, இத எங்கே நிறுத்தறது?" என்று மாமி பொம்மையை அவரிடம் நீட்டினாள்.

அவருக்குப் பார்த்தவுடனே புரிந்துவிட்டது. சிரித்து மழுப்பப் பார்த்தார். "கேலிதான். டிவைடர் இவ்வளவு ஒல்லியா இருக்காதும்மா."

"எவ்வளவு சார் இருக்கும்?" என்றாள் வசுமதி. "ஒரு ஆள் நிக்கலாமா?"

அவர் பொம்மையைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். சமையலறை வாசலில் சுண்டல் பொட்டலத்தோடு உட்கார்ந்திருந்த செங்கம்மாள், சுவரைப் பிடித்து மெதுவாக எழுந்தாள்.

"சாரு, அது நாந்தான். எனக்கு வேகமா ஓட வராது. நடுவுல நிக்க ஒரு எடம் குடுங்க, மீதிய நான் பாத்துக்கறன்."

அவர் அவள் காலைப் பார்த்தார், பொம்மையைப் பார்த்தார், அதை மாமியிடமே கொடுத்துவிட்டுச் சுண்டலை வாங்காமல் வெளியே போனார். தாம்பூலத் தட்டில் வைத்திருந்த ரவிக்கைத் துணியை எடுத்துக்கொண்டு மாமியும் போய்விட்டாள். மரப்பாச்சியையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டாள் என்பது அப்புறம்தான் தெரிந்தது. வசுமதி அழுதாள். நான் அவளைத் திட்டினேன், பிறகு நானும் அழுதேன்.

விஜயதசமி சாயங்காலம் மாமி தனியாக வந்தாள். முந்தானையிலிருந்து மரப்பாச்சியை எடுத்தாள்.

"என்னால இத எங்காத்துல எங்கயும் வெக்க முடியல. அவர் சாப்பிடற மேஜைல, அவர் தட்டுக்கு எதிர்க்க நிறுத்தி வெச்சேன். நாலு வாய் சாப்பிட்டதும் எழுந்து போயி வரைபடத்த விரிச்சுண்டு உக்காந்துட்டார்." பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்தக் 'கட்'டை மூட மாட்டா. நடுவுல நிக்கற மாதிரி அகலமா விடச் சொல்லி மாத்தியிருக்கார். சிக்னலுக்கும் எழுதியிருக்கார். அது எப்ப வருமோ," என்றாள்.

வசுமதி ஐஸ்க்ரீம் குச்சிகளில் சிலவற்றைப் பிடுங்கினாள். திறப்பு வந்த இடத்தில் உள்ளங்கை அளவு மண்ணைக் கொட்டித் தட்டினாள். செங்கம்மாளைக் கூப்பிட்டு, "நீயே வை," என்றாள். எல்லார் வீட்டிலும் பொம்மையைப் படுக்க வைக்கும் அந்த நேரத்தில், செங்கம்மாள் தன்னை எடுத்து நிறுத்தினாள். சாங்கியத்துக்கு ஒன்றைப் படுக்க வைத்தாக வேண்டுமே என்று செட்டியாரைச் சாய்த்தோம்.

சாலை அகலமாகத்தான் ஆனது. நாவல் மரம் போய்விட்டது, தூசும் இரைச்சலும் வந்தன, லட்சுமணன் பயந்தபடியே கார் நிறுத்த இடமும் போனது. சிக்னல் வர வெகுகாலம் ஆயிற்று, வந்த பிறகும் பாதி நாள் எரியாது. ஆனால் நடுவில் ஒரு திட்டு இருந்தது.

ஒரு நாள் மார்க்கெட்டிலிருந்து திரும்பும்போது நானும் செங்கம்மாளும் அதில் சேர்ந்து நின்றோம். இரண்டு பக்கமும் கார்கள் புடவையைப் பறக்க அடித்துக்கொண்டு போயின. நான் காய்கறிப் பையை மார்போடு அணைத்துக்கொண்டேன். அவள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, நல்ல காலால் திட்டைத் தட்டிக் காட்டினாள்.

"பயப்படாதீங்க லதாம்மா. இது எனக்குக் குடுத்த கொலுப்படி."