ஸ்டியரிங்கின் இழுப்பு

ஷெட்டில் இருந்தவர்கள்: மெக்கானிக், லேத் வேலை செய்கிறவர், அண்ணி, நான். அண்ணன் இல்லை. அவன் செத்து ஒரு மழைக்காலம் போயிருந்தது. லாரி இருந்தது.

பழைய மிலிட்டரி லாரி. நாலு சக்கரமும் இழுக்கும். அண்ணன் ஏலத்தில் எடுத்தான். எண்ணூர்ப் பக்கம் எங்கள் குப்பத்தில் புயல் என்றால் படகுகளை மணலில் மேலே இழுத்துப் போடுவது இதுதான். மற்ற நாளில் கடலரிப்புக்குக் கொட்டிய கற்கள் மேல் ஏறிப் போய் வலையும் ஐஸ் பெட்டியும் இறக்கும். அந்தக் கல் மேல்தான் அவன் போனது. முன்சக்கரம் ஒரு கல்லில் மோதியது. அந்த அடி, சக்கரத்தை ஸ்டியரிங்கோடு இணைக்கும் ராடு வழியாக மேலே வந்தது. ஸ்டியரிங் அவன் கையை உதறிவிட்டுத் தானாகச் சுற்றியது. லாரி கடல் பக்கம் கவிழ்ந்தது. பக்கத்து சீட்டில் நான் இருந்தேன். எனக்கு இடது தோள் போனது.

கல் மேல் ஓட்டுகிறவன் கட்டைவிரலை ஸ்டியரிங்குக்கு உள்ளே விட மாட்டான். உதறினால் விரல் முறியும். அண்ணனும் வெளியேதான் வைத்திருந்தான். விரலுக்கு ஒன்றும் ஆகவில்லை.

லாரியை நிமிர்த்தி, சரி செய்து, நான் ஓட்டத் தொடங்கினேன். வேறு பிழைப்பு இல்லை. கல் மேல் ஏறினால் ஸ்டியரிங் கடல் பக்கம் இழுத்தது. அலைன்மென்ட் பார்த்தோம். முன்சக்கரம் திரும்புகிற கிங்பின்னை மாற்றினோம். அப்புறமும் இழுத்தது. வீட்டுக்கு வந்ததும் அண்ணி கேட்பாள்.

“இன்னிக்கு இய்த்துச்சா?”

“இய்த்துச்சு.”

அதற்குப் பிறகுதான் சோறு போடுவாள். ஒருநாள், “அவரு அங்கதான் கீறாரு” என்றாள். எனக்கும் அப்படித் தோன்றாமல் இல்லை.

தோள் தாங்கவில்லை. ஸ்டியரிங்குக்கு ஹைட்ராலிக் போட வேண்டும், இல்லை லாரியை விற்க வேண்டும். லாரி அண்ணி பேரில். அதனால் அவளும் ஷெட்டுக்கு வந்தாள்.

மெக்கானிக் அண்ணனின் தோஸ்து. தரையில் சாக்பீஸால் வரைந்தார்.

“ரெண்டு தினுசு கீது மாமு. ஒண்ணு, இருக்குற ராடு அப்படியே இருக்கும். கூட ஒரு சிலிண்டரு சக்கரத்த தள்ளிக் குடுக்கும். கல்லு அடிச்சா முக்காவாசி ஆயிலு வாங்கிக்கும், மிச்சம் கைக்கு வரும். இன்னொண்ணு ஃபுல் ஹைட்ராலிக். ராடே கெடையாது. ஸ்டியரிங்லேர்ந்து சக்கரத்துக்கு ஆயிலு போற ரப்பர் ஓஸு மட்டுந்தான். கைக்கு ஒண்ணும் தெரியாது.”

“ரெண்டாவது போடு,” என்றேன்.

லேத்காரர் சிரித்தார். சாத்தாங்காட்டு இரும்புக் கடையில் ஒரு பழைய சிலிண்டரைப் பிடித்துக் கழுவி வைத்திருந்தார். “தூங்கிக்கினே ஓட்டலாம்னு பாக்குறான் இவன். அப்படியே ஒரு தலகாணியும் வெல்டு வெச்சுத் தரவா?”

அண்ணி சிரிக்கவில்லை. மெக்கானிக்கிடம் கேட்டாள்.

“ராட எட்த்துட்டா, இய்க்கிறது தெரியாதாண்ணே?”

“தெரியாது தங்கச்சி.”

“துளிகூடவா?”

“துளிகூட.”

அவள் லாரியைப் பார்த்தாள். “அப்ப அத்த விக்கிறதும் ஒண்ணுதான்,” என்றாள்.

பக்கத்து ஷெட்டில் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது.

“ஓட்றது நீ,” என்றார் மெக்கானிக் என்னிடம். “இன்னா சொல்ற?”

எனக்கு அந்த இழுப்பு வேண்டாம். அது உண்மை. ஒவ்வொரு தடவையும் அண்ணன் என் மணிக்கட்டைப் பிடித்துத் தண்ணீர்ப் பக்கம் கூப்பிடுகிற மாதிரி இருக்கும். அண்ணிக்கு அது வேண்டியிருந்தது. ஆனால் கூப்பிடுவது என்னை.

“ஓஸு வெடிச்சா?” என்று கேட்டேன்.

“ஃபுல்லுன்னா ஸ்டியரிங் சும்மா சுத்தும், சக்கரம் அது பாட்டுக்குப் போவும். ராடு இருந்தா கஷ்டப்பட்டாவது திருப்பலாம். காசிமேடு ஹார்பர் வரைக்கும் மெயின் ரோட்ல போற வண்டி. என்னியக் கேட்டா ராடுதான்.”

“அப்ப ராடு இருக்கட்டும்.”

அண்ணி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். வேர்வை என்று நினைத்துக்கொண்டேன்.

பம்பு வைத்து, சிலிண்டர் மாட்டி, ஓஸ் இழுத்து முடிக்க ஒரு வாரம் ஆனது. ஸ்டியரிங் ஒரு கைக்கே திரும்பியது. தோள் வலிக்கவில்லை.

வேலை முடிந்த அன்று மதியம் எண்ணூருக்கு எடுத்து வந்தேன். அண்ணி கல் மேல் வருகிறேன் என்றாள். அண்ணன் போன இடத்துக்கு அவள் அதுவரை வந்ததில்லை. பக்கத்து சீட்டில் ஏறி, என் கைக்குப் பக்கத்தில் தன் கையையும் ஸ்டியரிங் மேல் வைத்தாள்.

“கட்டவெரல வெளிய வையி அண்ணி.”

வைத்தாள்.

முதல் கியரில் ஏறினேன். சக்கரம் ஏறி இறங்குவது உடம்புக்குத் தெரிந்தது. கைக்கு வரவில்லை. பாதி தூரம் எதுவும் இல்லை. அப்புறம் ஒரு தடவை மெல்ல இழுத்தது. அவன் போன இடத்தைத் தாண்டும்போது இன்னொரு தடவை. வழி முடிந்ததும் இன்ஜினை அணைத்தேன். அண்ணி கையை எடுக்கவில்லை. அலை கீழே கல்லில் அடித்துக்கொண்டிருந்தது.

நான் எண்ணியது இரண்டு இழுப்பு. அவளிடம் கேட்டேன், “எத்தினி தபா?”

“மூணு.”