செல்லக்காசு வளர்த்த ஜன்னல்

இப்போதெல்லாம் வீட்டுக்கு வீடு மீன் தொட்டி. ஆப்பிரிக்க ஏரி மீன் என்று நீலமும் மஞ்சளுமாக எதையோ காட்டி, தண்ணீர் இப்படி இருக்க வேண்டும், மணல் அப்படி இருக்க வேண்டும் என்று கடைக்காரர்கள் பாடம் நடத்துகிறார்கள். நம் எண்ணூர் உப்பங்கழியில் கிடக்கும் செல்லக்காசு மீனும் அந்த மீனும் ஒரே குடும்பம் என்று சொன்னால் என்னை ஏற இறங்கப் பார்க்கிறார்கள். பார்க்கட்டும். வெள்ளைக்காரன் காலத்திலேயே அம்பத்தூரில் தொட்டி செய்து செல்லக்காசை வளர்த்தவன் நான். வளர்த்துக் கொன்றவன் என்று சொன்னால்தான் சரி.

நான் அப்போது பட்டணத்தில் குமாஸ்தா. தினமும் ரயிலில் போய் வருவேன். என் மனைவி எனக்கு அத்தை மகள். இருபத்திரண்டு வயதில் அவளுக்கு நெஞ்சில் க்ஷயரோகம் வந்தது. அவள் மூச்சு படும் தூரத்தில் குழந்தை இருக்கவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். எங்களுக்கு ஒன்றரை வயதில் ஒரே பெண். அவளைத் திருநின்றவூரில் என் மனைவியின் அக்கா வீட்டில் விட்டோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த அக்கா குழந்தையைத் தூக்கிவந்து, நோயாளி படுத்திருந்த அறைக்கும் கூடத்துக்கும் நடுவே இருந்த ஜன்னல் வழியாகக் காட்டினாள். தாயைக் கண்டதும் குழந்தை கம்பிக்குள் கையை நீட்டி வீறிட்டது. இவள் பதறி எழுந்தாள். இருமல் பிடித்துக்கொண்டது. துணியில் ரத்தம். அன்றோடு அந்த வரவும் நின்றது.

ஒரு மாதம் கழித்து, ஜன்னலில் தொட்டி வைக்கலாம் என்று அவள்தான் சொன்னாள். நான் சிரித்தேன். குழந்தையைப் பார்க்க வேண்டுமானால் வெறும் கண்ணாடி போதாதா என்றேன்.

“கண்ணாடி மட்டும் வெச்சா அது என்னியத்தான் பாக்கும் மாமா, அழுவும். மீனு வுட்டா அது மீனப் பாக்கும். நான் அதப் பாத்துக்கினு கீறேன்” என்றாள்.

அதற்கு மேல் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜன்னல் கம்பிகளைப் பிடுங்கினேன். சுவர் நல்ல கனம், தொட்டி உட்கார இடம் இருந்தது. கொல்லர் இரும்புச் சட்டம் அடித்துக் கொடுத்தார். நாலு பக்கமும் கண்ணாடி பதித்து, சுண்ணப்பொடியை எண்ணெயில் பிசைந்து மூலைகளை அடைத்தேன். முதல் தடவை தண்ணீர் ஊற்றியதும் கூடம் முழுக்க ஓடியது. இரண்டாம் தடவை கீழ்ச்சட்டத்தில் தார் பூசினேன். மூன்றாம் தடவை நின்றது. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆபீசில் மேலதிகாரியைத் தவிர எல்லோரிடமும் சொல்லிவிட்டேன்.

மீனுக்கு மண்பானையோடு எண்ணூர் போனேன். வலை போட்டுக்கொண்டிருந்தவர் என் பானையையும் என்னையும் பார்த்தார். “இது ஒரு வாய்க்குக் காணாது அண்ணாத்தே. உசுரோட இன்னாத்துக்கு?” என்று கேட்டார். வீட்டில் குழந்தை பார்க்க என்றேன். அவர் வேறொன்றும் கேட்காமல், பழைய காசு அகலத்துக்கு மஞ்சளாய் இருந்த நாலு செல்லக்காசுகளைப் பொறுக்கிப் பானையில் விட்டார். கழித் தண்ணீரும் ஒரு பானை எடுத்துக்கோ, கிணற்றுத் தண்ணீரை நாளுக்குக் கொஞ்சமாகத்தான் சேர்க்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். அந்த ஒரு புத்தியையாவது கேட்டேன்.

நாலில் இரண்டு ஜோடி சேர்ந்து மற்ற இரண்டையும் மூலையில் வைத்து விரட்டின. விரட்டப்பட்டதுகளைக் கிணற்றில் விட்டேன். ஜோடி, நான் போட்டிருந்த ஓட்டுச் சில்லில் முட்டை வைத்தது. பகலெல்லாம் நான் ஆபீசில் இருப்பேன், அவள்தான் கட்டிலில் படுத்தபடி பார்ப்பாள். பேசவே கூடாது என்பது டாக்டர் உத்தரவு. ஆனாலும் நான் சட்டையைக் கழற்றுவதற்குள் ஆரம்பித்துவிடுவாள். ஒன்று துடுப்பால் முட்டைக்கு விசிறுகிறதாம், இன்னொன்று காவல் நிற்கிறதாம், பிறகு மாற்றிக்கொள்கின்றனவாம். குஞ்சு வெளிவந்ததும் வாயில் கவ்வி, மணலில் பறித்த குழிக்குக் கொண்டுபோய்த் துப்பினவாம். சில நாளில் குஞ்சுகள் தாய் தகப்பன் உடம்பிலேயே ஒட்டிக்கொண்டு எதையோ கொத்தித் தின்றனவாம். அதைச் சொல்லும்போது அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். நான் தெரியாததுபோல் வேட்டியை உதறிக்கொண்டிருந்தேன்.

“இப்ப கொயந்தய இட்டாந்துடு மாமா, குஞ்சுங்க கீது” என்றாள்.

நான் அடுத்த ஞாயிறு என்றேன். தண்ணீர் கலங்கலாக இருந்தது. குஞ்சுகளுக்கு என்று மண்புழுவை அளவில்லாமல் நறுக்கிப் போட்டதால் வந்த வினை. தண்ணீர் தெளியாவிட்டால் குழந்தைக்கு மீன் தெரியாது, மீன் தெரியாவிட்டால் தாயைப் பார்க்கும், பழையபடி அழும் என்று நியாயம் பேசினேன். அது பொய்யில்லை. ஆனால் கலங்கல் தொட்டியைப் பிறர் பார்ப்பது எனக்குக் கௌரவக் குறைச்சலாக இருந்ததும் உண்மை. அவள் தனக்கு நன்றாகத் தெரிகிறது, அதுவே போதும் என்றாள். நான் கேட்கவில்லை. ஞாயிறு வந்தது, தள்ளினேன். இன்னொன்று வந்தது, தள்ளினேன். அவள் இளைத்துக்கொண்டே வந்தாள்.

கடைசியில் வருகிற ஞாயிறு காலை ரயிலில் குழந்தையோடு வரும்படி அவள் அக்காவுக்குச் சொல்லி அனுப்பினேன். சனிக்கிழமை சாயங்காலம் தொட்டியைப் பார்த்தேன், இன்னும் மங்கல்தான். மழைக்காலத்தில் குடிதண்ணீர் கலங்கினால் எங்கள் பக்கம் எல்லோரும் செய்வதை நானும் செய்தேன். கோழிமுட்டை அளவு படிகாரத்தைக் கையில் பிடித்துத் தொட்டிக்குள் பத்துச் சுற்று சுற்றினேன். குடத்துக்கு நல்லது தொட்டிக்கும் நல்லதுதானே என்று என் மேதாவித்தனம்.

விடிந்து பார்த்தபோது தண்ணீர் பளிங்குபோல் தெளிந்திருந்தது. இரண்டு பெரிய மீன்களும் மணல்மேல் சாய்ந்து கிடந்தன. குஞ்சுகள் தூசியைப்போல் அடியில் படிந்திருந்தன. அவள் இன்னும் விழிக்கவில்லை. எல்லாவற்றையும் துணியில் வடித்து எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போய்ப் புதைத்தேன்.

பிறகு ஸ்டேஷனுக்கு ஓடினேன். அவள் அக்கா குழந்தையோடு இறங்கினாள். குழந்தைக்குப் புதுச் சட்டை, நெற்றியில் பெரிய பொட்டு. மீன் எங்கே என்று அது என் கையைப் பிடித்து இழுத்தது. மீன் செத்துவிட்டது, இப்போது கூட்டிப்போனால் குழந்தை அழும், அவளுக்கு மறுபடி ரத்தம் வரும் என்று அக்காவிடம் சொன்னேன். இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே, தூரத்தில் நின்றாவது காட்டிவிட்டுப் போகிறேன் என்று அக்கா கெஞ்சினாள். நான் எரிந்து விழுந்தேன். எதிர் ரயில் வந்ததும் இருவரையும் ஏற்றி அனுப்பிவிட்டேன். அடுத்த ஞாயிறு புது மீன் விட்டுக் கூப்பிடுகிறேன் என்றேன்.

வீடு திரும்பினால் அவள் தலையைச் சீவி, பூ வைத்து, தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ரயில் வந்த சத்தம் கேட்டதாம். காலியான தொட்டியைப் பார்த்தாள். குழந்தை எங்கே என்றுதான் கேட்டாள்.

குழந்தைக்குச் சளி பிடித்திருக்கிறது, அதனால் அக்கா வரவில்லை என்றேன்.

அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. வேறு எதையாவது சொல்லியிருக்கலாம். அன்று முதல் அவளுக்கு மீனும் இல்லை, தொட்டியும் இல்லை, சளி ஒன்றுதான். மூச்சு வாங்குதா, பால் குடிக்குதா, மாருல சத்தம் கேக்குதா என்று நான் வந்ததும் கேட்பாள். தன்னிடமிருந்துதான் ஒட்டியிருக்குமோ என்று அழுவாள். நான் நாளுக்கு நாள் சளியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துச் சொன்னேன். ஒரேயடியாகப் போய்விட்டது என்றால் நம்ப மாட்டாள் என்று கணக்குப் போட்டேன்.

வியாழக்கிழமை காலை நான் ஆபீசுக்குக் கிளம்பும்போது என் விரலைப் பிடித்தாள்.

“சளி எப்டி கீது?”

“கொஞ்சம்தான் கீது. ரெண்டு நாள்ல போயிடும்” என்றேன்.

நான் மாலை திரும்புவதற்குள் அவள் போய்விட்டாள். மறுநாள் அக்கா குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். குழந்தை கொழுகொழுவென்று இருந்தது. அதற்கு அந்த வருஷம் முழுக்கச் சளியே பிடிக்கவில்லை.