பினாங்கு மலை இறக்கத்துல எடுத்த படம்

எனக்குச் சொந்தமா சைக்கிள் கிடையாது. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ்ல எங்க ரோட்டுல ரொட்டி விக்கிற பாய்கிட்டதான் கேட்டு வாங்கினேன். பின்னால பெரிய தகரப்பெட்டி கட்டின சைக்கிள். அந்தப் பெட்டிக்காகத்தான் கேட்டேன். கேமராவுல போடுற கண்ணாடித் தட்டுங்கள பழைய கைலிச் சாரத்துல சுத்தி அதுக்குள்ள வச்சா உடையாதுன்னு ஒரு நெனப்பு. பாய் தட்டாம குடுத்தாரு. திரும்பி வர்ற வரைக்கும் கூடையத் தலையில வச்சு வித்துக்கிறேன், டயரை மட்டும் பாத்துக்கன்னாரு. அந்த மாதிரி மனுஷன் இப்ப யாரு இருக்கா.

அப்ப நான் ஒரு சீனரோட போட்டோ ஸ்டூடியோவுல வேலை. முதலாளிய தவுக்கேன்னுதான் கூப்பிடுவோம். எனக்குப் படிப்பெல்லாம் இல்ல. அப்பா செந்தூல் ரயில் பட்டறையில கரி அள்ளினவரு, பள்ளிக்கூடத்துப் பக்கம் யாரும் என்னைக் கொண்டுபோய் விடல. ஆனா கேமரா எப்படியோ கைக்கு வந்துடுச்சு. கல்யாணம், சாவு, துரைமாரு விருந்துன்னு வெளிய எடுக்க வேண்டியதுக்கெல்லாம் தவுக்கே என்னைத்தான் அனுப்புவாரு.

ரயில்வே ஆபீஸ்ல எழுத்து வேலை பாத்த கிராணிங்க அஞ்சு பேரு ஒண்ணா சைக்கிள் விடுவாங்க. ஞாயித்துக்கிழமையானா கிள்ளான் வரைக்கும் போய், ஆத்தோரமா உக்காந்து கோப்பி குடிச்சிட்டு, வெயில் தாழ திரும்புவாங்க. வேற வேலையே இல்லையான்னு ஜனங்க சிரிக்கும். அவங்களுக்குத் தலைவர் மாதிரி ஒருத்தர் இருந்தாரு, பெரிய கிராணின்னு சொல்லுவோம், வயசும் கூட, வாயும் கூட. இன்னொருத்தர் யாழ்ப்பாணத்துக்காரர். இருபத்தஞ்சு, இருபத்தாறு வயசு இருக்கும். ஒல்லியா உயரமா இருப்பாரு. ரெண்டு கையையும் விட்டுட்டு சைக்கிள் ஓட்டுறதுல அவரை அடிச்சுக்க ஆள் கிடையாது. கைய விட்டுட்டு மீசைய முறுக்கிக்கிட்டே போவாரு. நான் சொல்ல வந்தது இவரைப் பத்தித்தான்.

அந்த வருஷம் லீவுல பினாங்குத் தீவைச் சைக்கிள்லயே ஒரு சுத்து சுத்தி வந்துடணும்னு கெளம்பினாங்க. ரயிலுக்கு ஓசிப் பாஸ் உண்டு, சைக்கிளையும் லக்கேஜுல போட்டுடலாம். அதைப் படமா எடுத்துக்கிட்டு வரணும்னு பெரிய கிராணிக்கு ஆசை. தவுக்கே என்னைக் கூட அனுப்பி வச்சாரு, பழைய கேமரா ஒண்ணையும் மூணு காலு ஸ்டாண்டையும் குடுத்து. நல்லதைக் குடுக்கல. அது ஸ்டூடியோவ விட்டு வெளிய வராது.

மொத நாளு கடலோரமாவே போனோம். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் தென்னை. நான்தான் எப்பவும் கடைசி. வழியில வர்ற ஒவ்வொரு கம்பத்துலயும், அதான் மலாய்க்கார ஊருங்கள்ல, சின்னப் பிள்ளைங்க என் பெட்டியப் பாத்துட்டு ரொட்டி, ரொட்டின்னு பின்னால ஓடி வரும். பெட்டியத் தொறந்தா ரொட்டி வாசனைதான் வரும், ரொட்டி இருக்காது. கண்ணாடியும் சாரமும்தான் இருக்கும். அதுங்க மூஞ்சி போற போக்கப் பாத்து பெரிய கிராணி, "டேய், நாளைக்கு நாலு ரொட்டி வாங்கிப் போட்டுக்க, பாவம் சுத்திக்கிச்சுன்னா படம் வராது"ன்னாரு. எல்லாரும் சிரிச்சோம். அன்னைக்கு ராத்திரி ஒரு மலாய்க்காரர் வீட்டுல பாய் விரிச்சுக் குடுத்தாங்க. பொரிச்ச மீனும் சோறும். யாழ்ப்பாணத்துக்காரரு மூணு தரம் வாங்கிச் சாப்பிட்டாரு. அந்தக் கை சோத்தப் பிசைஞ்சு வாயில வச்சது எனக்கு இன்னும் கண்ணுல நிக்குது. அன்னைக்கு அதை யாரு பாத்தா. பின்னாலதான் நெனச்சு நெனச்சுப் பாத்துக்கிறது.

மறுநாளு மலை. ஏத்தம் பூரா இறங்கித் தள்ளிக்கிட்டே போனோம். உச்சிக்குப் போனதும் அந்தப் பக்கம் இறக்கம். ஜாதிக்காய் மரம், டுரியான் மரம், ரோட்டு ஓரத்துல கல்லு கட்டின லொங்காங் வாய்க்கால்ல மலைத்தண்ணி சலசலன்னு ஓடும். இங்கதான் நல்ல படம் கிடைக்கும்னு எனக்குத் தோணிச்சு.

இந்த இடத்துல ஒண்ணு சொல்லணும். அந்தப் பழைய கேமராவுக்கு வேகம் ஆகாது. குறுக்க ஓடுறவன எடுத்தா புகை மாதிரி விழுவான். நேரா நம்மளப் பாத்து வர்றவன எடுத்தாத்தான் மூஞ்சி நிக்கும். அதனால கேமராவ நடு ரோட்டுல நிறுத்தினேன். கொஞ்ச தூரத்துல ஒரு வெள்ளைக் கல்ல அடையாளத்துக்கு வச்சேன். அந்தக் கல்லுகிட்ட வர்றப்ப நான் கேமராவோட ரப்பர் பந்த அமுக்குவேன், படம் விழும், கல்லத் தாண்டினதும் வலப்பக்கமா ஒடிச்சுக்கணும், அதுதான் ஏற்பாடு.

ரெண்டு தடவை வந்தாங்க. ரெண்டு தடவையும் எனக்குத் திருப்தி இல்ல. பொணத்துக்குப் போற மாதிரி மூஞ்சிய வச்சிக்கிட்டு வந்தாங்க. இன்னொரு தடவை ஏறி வாங்கன்னேன். பெரிய கிராணிக்கு மூச்சு வாங்குது. "உனக்கென்னடா, ஒரு எடத்துல நின்னுக்கிட்டு பந்த அமுக்குற"ன்னு சொல்லிட்டு ஓரமா உக்காந்துட்டாரு. அவரு உக்காந்ததும் மத்தவங்களும் தயங்கினாங்க. யாழ்ப்பாணத்துக்காரருதான் சைக்கிளத் திருப்பினாரு. "விடுங்கோ அண்ணை, தம்பி ஆசைப்படுறார். நான் முன்னாலை வாறன், நீங்கள் பின்னாலை வாங்கோ"ன்னாரு.

அத்தோட விட்டிருக்கலாம். நான் வாயத் தொறந்து கேட்டேன். "ஐயா, கைய விட்டுட்டு வர முடியுமா?"

அவரு சிரிச்சாரு.

வந்தாரு. ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கி, பல்லு பூரா தெரியச் சிரிச்சுக்கிட்டு, பின்னால மத்தவங்க சத்தம் போட, வெள்ளைக் கல்லுகிட்ட வந்தாரு. அமுக்கினேன். சரியா விழுந்துச்சுன்னு அமுக்கினப்பவே தெரியும். கல்லத் தாண்டினதும் கைய எறக்கிப் புடிச்சு ஒடிச்சாரு. மண்ணுல ஈர எலை கிடந்துச்சு. முன் சக்கரம் வழுக்கி, லொங்காங் கல்லு மேல வலது கை கீழ இருக்க அப்படியே விழுந்தாரு. சத்தம் பெருசா இல்ல.

நான் என்ன செஞ்சேன்னு கேளுங்க. மொதல்ல தட்டுக்கு மூடியப் போட்டேன். வெளிச்சம் பட்டா படம் போயிடும்ல. மூடியப் போட்டு, வெளிய எடுத்து, சாரத்துல சுத்தி, அப்புறம்தான் ஓடினேன். அவரு கீழ கிடந்தபடியே என்னையப் பாத்துக்கிட்டு இருந்தாரு.

ஜாதிக்காய் ஏத்தின ஒரு லோரி வந்துச்சு. அதுல ஏத்தி பாலிக் புலாவ் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். முழங்கை மூட்டு எலும்பு நொறுங்கியிருக்குன்னு டாக்டர் சொன்னாரு. ராத்திரி பூரா மாத்தி மாத்தி உக்காந்திருந்தோம். காலையில அவரேதான் சொன்னாரு, எனக்காக நிக்காதீங்கோ, சுத்தி முடியுங்கோன்னு. நாலு பேரும் கெளம்பினாங்க. நான் இருந்திருக்கலாம். எனக்கு என்ன சைக்கிள் விடுற ஆசையா? ஆனா தட்டு மிச்சம் இருந்துச்சு, தவுக்கே கேப்பாரு. நானும் போயிட்டேன். மிச்சப் படங்கள்ல ஒருத்தர் மூஞ்சியும் சரியில்ல. சுத்தி முடிச்சு டவுனுக்குள்ள வந்தப்ப பெரிய கிராணி பெல்லு கூட அடிக்கல.

கோலாலம்பூர் வந்து கழுவினா, அந்த ஒரு படம் அப்படி வந்திருக்கு. தவுக்கே பாத்துட்டு பாகுஸ், பாகுஸ்னு ரெண்டு தடவை சொன்னாரு. அவரு வாயில நல்லாயிருக்குங்கிற வார்த்தை லேசுல வராது. பெருசாக்கி, சட்டம் போட்டு, கடை முன்னால கண்ணாடிக்குள்ள மாட்டிட்டாரு. ரோட்டுல போறவங்க நின்னு பாப்பாங்க. உள்ள வந்து இத எடுத்தவன் யாருன்னு கேட்டு, என்னையே எடுக்கச் சொல்லுவாங்க. எனக்குச் சம்பளம் கூடிச்சு. பங்சார் எஸ்டேட் துரை கூட ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டாரு.

யாழ்ப்பாணத்துக்காரரு கைக் கட்டப் பிரிச்சு வந்தாரு. கை பாதி மடங்கினபடி நின்னுடுச்சு. கீழயும் தொங்காது, மேலயும் ஏறாது. பேனா புடிச்சு எழுதலாம், வேலைக்குக் கொறையில்ல. ஆனா வாய்க்கு எட்டாது. இடது கையில கரண்டி புடிச்சுத்தான் சாப்பிடணும். நம்ம ஜனத்துல இடது கையால சாப்பிடுறவன் பக்கத்துல யாரு எலை போடுவா? பெரிய கிராணி வெளையாட்டா துரைன்னு பேரு வச்சாரு. துரைக்குக் கரண்டி கொண்டாங்கம்பாரு. அவரும் சிரிப்பாரு. அப்புறம் கல்யாணப் பந்திக்கே அவரு வர்றதில்ல. மொய்ய வச்சிட்டு, சாப்பிடாம போயிடுவாரு. ஆபீஸ் போகவும் வரவும் எங்க கடை வழியாத்தான் போகணும். கண்ணாடிக்குள்ள ரெண்டு கையையும் தூக்கிச் சிரிச்சுக்கிட்டு அவரே நிப்பாரு. பாக்காம போவாரு. நானும் உள்ள எதையாவது தொடைக்கிற மாதிரி குனிஞ்சுக்குவேன்.

ரெண்டு வருஷம் இருக்கும். ஒரு நாளு உள்ள வந்தாரு. ஊருல பொண்ணு பாத்திருக்காங்க, படம் கேக்குறாங்கன்னாரு. உக்காருங்க ஐயா, நல்லா எடுத்துடலாம், நாற்காலிக்குப் பின்னால நின்னா ஒண்ணும் தெரியாதுன்னேன். பாத்தீங்களா, நானே மறைக்கத்தான் வழி சொல்றேன். அவரு தலைய ஆட்டிட்டு கண்ணாடிப் பக்கம் கைய நீட்டினாரு.

"உந்தப் படத்தைத்தான் தா தம்பி. என்னை மட்டும் வெட்டி எடுத்துத் தா."

"ஐயா, அது கை நல்லா இருந்தப்ப எடுத்தது."

"ஓம். அதுக்குத்தானே கேக்கிறன்."

வேற யாராவது கேட்டிருந்தா மாட்டேன்னிருப்பேன். இவருக்கு எந்த வாயால மாட்டேங்கிறது? பின்னால இருந்தவங்களையெல்லாம் வெட்டிட்டு அவரை மட்டும் எடுத்துக் குடுத்தேன். அந்தப் பொண்ணப் பத்தி ஒரு நிமிஷம் நெனச்சேன். நெனச்சுக்கிட்டேதான் குடுத்தேன்.

பொண்ணு கப்பல்ல வந்து கிள்ளான்ல தாய்மாமன் வீட்டுல தங்கிச்சு. மாமனுக்கு மாப்பிள்ளை கை விஷயம் தெரியும். சர்க்கார் உத்தியோகம் இருக்கு, போதும்னு வாயத் தொறக்கல. முகூர்த்தம் வரைக்கும் பொண்ணும் மாப்பிள்ளையும் பாத்துக்கிற வழக்கமில்ல. கல்யாணத்துக்குப் படம் எடுக்க என்னைத்தான் கூப்பிட்டாங்க. கறுப்புத் துணிக்குள்ள தலைய விட்டுக்கிட்டு நின்னேன். கேமராவுக்குள்ள எல்லாம் தலைகீழாத்தான் தெரியும். தாலி எடுத்தாரு. இடது கை கழுத்துக்குப் பின்னால போயிடுச்சு, வலது கை போகல. மேளம் அடிக்குது, கை பாதியில நிக்குது. அந்தப் பொண்ணு நிமிந்து மொதல்ல கையப் பாத்துச்சு, அப்புறம் மூஞ்சியப் பாத்துச்சு. அப்புறம் உக்காந்த இடத்துலயே நகந்து, கழுத்த அவரு கைக்குக் கொண்டு வந்து குடுத்துச்சு. நான் பந்த அமுக்கல. அந்த ஒரு படம் என்கிட்ட இல்ல.

கொஞ்ச நாளு கழிச்சு ரெண்டு பேரும் ஸ்டூடியோவுக்கு வந்தாங்க. அந்த அம்மா எங்க கடை வாசல்ல ரொம்ப நேரம் நின்னு அந்தப் படத்தப் பாத்தாங்க. சின்ன வயசுதான், ஆனா நிதானமான பொம்பள. உள்ள வந்ததும் கேட்டாங்க, உந்தப் படம் நீங்களோ எடுத்ததுன்னு. ஆமாம்மான்னேன். இத்தனை நாளு தொண்டையில நின்னதையும் சொல்லிட்டேன். "என் பேச்சக் கேட்டுத்தான் ஐயா அன்னைக்கு விழுந்தாரு. அந்தக் கை என்னாலதான் போச்சு."

"விழுந்ததை நான் கேக்கேல்லை. விழுந்தாப் பிறகு இந்தப் படத்தை எனக்கு அனுப்பக் குடுத்தது ஆர்?"

அவரு பக்கத்துல இருந்து, நான்தான் கேட்டு வாங்கினனான்னாரு.

"நீங்கள் கேட்டனீங்கள். குடுத்தது ஆர்?"

"நான்தாம்மா"ன்னேன்.

அவங்க அவரு பக்கம் திரும்பிட்டாங்க. ஊருல இருக்கிற தன் அம்மாவுக்கு அனுப்ப ஒரு படம் வேணும், கை நல்லாத் தெரியுற மாதிரி எடுக்கணும்னு அவருகிட்டச் சொன்னாங்க, நான் இல்லாத மாதிரி. அவரு நகரல. அவங்க கொரல எறக்கிச் சொன்னாங்க. "வந்து நில்லுங்கோ. உங்கடை கையிலை எனக்குக் கோவமில்லை."

அவரு வந்து நின்னாரு. அந்தக் கைய அவங்களே தூக்கி மேசை மேல வச்சாங்க, வெளிச்சம் விழுற பக்கமா. அசையாதீங்கன்னு சொல்ல வேண்டியது என் வேலை. சொல்லாமலே பந்த அமுக்கினேன். அவங்க அசையவும் இல்ல.

அவங்க போனதும் கண்ணாடிக்குள்ள இருந்த படத்தக் கழட்டினேன். சாயங்காலமே தவுக்கே திட்டித் திரும்ப மாட்டிட்டாரு. வியாபாரம் போயிடுமாம். கடைசியில கடையையே மூடுற வரைக்கும் அது அங்கதான் தொங்கிச்சு.

அவங்களுக்கு மூணு பிள்ளைங்க. ஒவ்வொண்ணுக்கும் படம் எடுக்க எதிர்வரிசையில இருந்த ஸ்டூடியோவுக்குத்தான் போவாங்க. எங்க கடையத் தாண்டிப் போறப்ப அவரு இடது கையத் தூக்கி எனக்கு ஒரு சலாம் வைப்பாரு. அந்த அம்மா ஒரு தடவை கூடத் திரும்பிப் பாத்ததில்ல. நானும் அவங்க தலை மறையுற வரைக்கும் வாசல்லயே நிப்பேன். ஒரு நாளாவது திரும்பித் திட்டிட்டுப் போனா தேவலைன்னு இருக்கும்.