ஒரே ரேஷன் கார்டு, இரண்டு பான் கார்டு

“…ஒரே ரேஷன் கார்டு, ஒரே கேஸ் சிலிண்டர், ஒரே பாத்ரூம். வரி கட்டறதுக்கு மட்டும் எப்படி பாய் ரெண்டு பேரு?” என்று என் வீட்டுக்காரர் கேட்டுக்கொண்டிருந்தார்.

கேட்டது ஆடிட்டர் பாயிடம். ஆடிட்டர் என்பது நாங்களாகக் கொடுத்த பட்டம். வருமான வரிக் கணக்கு எழுதித் தருகிறவர் அவர். பிள்ளையார்பாளையத்தில் கண்ணாடி போட்டுக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் யாராக இருந்தாலும் ஆடிட்டர்தான். அப்படிப் பார்த்தால் நானும் ஒரு ஆடிட்டர்.

நான் செய்வது சேலை டிசைன். கரைக்கும் முந்திக்கும் புட்டாவுக்கும் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக வரைந்து கொடுப்பேன். அதன்படிதான் தறியில் பூ விழும். எந்தப் பள்ளிக்கூடத்திலும் படித்ததில்லை. போனில் வீடியோ பார்த்து, தப்பாக வரைந்து, நெய்கிறவர்களிடம் திட்டு வாங்கி வந்த வித்தை. “மயிலுக்குக் கால் எங்கம்மா? நொண்டி மயிலா அனுப்பிக்கினு இருக்கியே!” என்பார்கள். மறுநாள் கால் முளைக்கும். இப்படியே தேறி, சென்னையில் ஆன்லைனில் சேலை விற்கும் ஒரு கம்பெனி மாதாமாதம் என்னிடம் டிசைன் வாங்குகிற அளவுக்கு வந்துவிட்டேன்.

முதல் தடவை பணம் அனுப்பும்போது கம்பெனியில் பான் நம்பரும் பேங்க் அக்கவுண்டும் கேட்டார்கள். பதில் போட்டது வீட்டுக்காரர். போட்டது அவர் பெயர், அவர் நம்பர். கெட்ட எண்ணம் கிடையாது. எங்கள் தெருவில் ‘யார் பேர்ல?’ என்று கேட்டால் ஆம்பளை பேரைச் சொல்வது கைப்பழக்கம். கரண்டு பில் அவர் பேர், வீட்டு வரி அவர் பேர், நெசவாளர் சங்கத்தில் கூலி அட்டை மாமனார் பேர். பெண்பிள்ளை பேரில் கிடைப்பது மகளிர் குழுக் கடன் மட்டும்.

என் மாமியார் ஒன்று சொல்வார்: “கோர்வைக்கு ரெண்டு பேர் வேணும். கூலி வாங்க ஒருத்தர் போதும்.” கோர்வைச் சேலையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். தறியில் ஒருவர் நெய்ய, பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து கரை நூல் ஓடும் நாடாவைத் தள்ளித் தரவேண்டும். மாமியார் அந்தப் பக்கத்து இடத்திலேயே உட்கார்ந்து இடுப்பு போனவர். கூலி அட்டையில் அவர் பேரைத் தேடினால் கிடைக்காது.

எங்கள் வீட்டுக்காரர் தறிப்பக்கம் போகவில்லை. ஒரகடம் பக்கம் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் சூப்பர்வைசர். என் பணம் அவர் அக்கவுண்டில் விழ ஆரம்பித்ததும் கம்பெனி பஸ்ஸில் அவருக்கு மரியாதை கூடிப்போனது. “சைடுல கொஞ்சம் டிசைன் போடறோம்” என்று சொல்லிக்கொள்வாராம். கூட்டம் அதிகமானால் ‘போடறோம்’ ‘போடறேன்’ ஆகிவிடும் என்று கேள்வி. நான் சிரித்துவிட்டு விட்டேன். பணம் வீட்டுக்குத்தானே வருகிறது?

சிரிப்பு நின்றது பேங்கில். மாடியில் ஒரு அறை எழுப்பி, பெரிய கம்ப்யூட்டரும் பிரிண்டரும் போட்டு, கூட இரண்டு பெண்களை உட்கார வைக்கலாம் என்று எனக்கு ஆசை. அடுப்பங்கரை மேடையில் சாம்பார் தெறிக்கத் தெறிக்க எத்தனை நாள் வரைவது? கடன் கேட்டுப் போனேன். பேங்க் மேடம் ரொம்ப அன்பாகப் பேசினார். கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“உங்களுக்கு வருமானமே இல்லையேம்மா. சாருக்குதான் நல்லா வருது. சார் சூப்பரா டிசைன் போடறாரு போல!”

“ஆமாங்க, அவரு கைய வச்சா அப்படித்தான்” என்றேன். வேறு என்ன சொல்ல?

என் பேரில் வருமானம் தெரிந்தால்தான் என் பேரில் கடன் என்று அந்த மேடம் திட்டவட்டமாகச் சொல்லிவிட்டார்.

அதே சமயத்தில் வீட்டுக்காரருக்கும் இடி விழுந்தது. அவர் சம்பளம் மட்டும் என்றால் வரி இல்லாத கரைக்குள்ளேயே நின்றிருப்பார். என் பணமும் அவர் தலையில் ஏறியதும் கரை தாண்டிவிட்டது. பெருமையாகச் சொல்லிக்கொண்டதற்கு வரி வந்து நின்றது. பஸ்ஸில் யாரோ, “அதெல்லாம் கிளப்பிங்டா. பொண்டாட்டி வருமானத்த புருஷன் தலையில சேத்துடுவான். ஒண்ணும் பண்ண முடியாது” என்று சொல்லியிருக்கிறார். வீட்டில் வந்து ‘கிளப்பிங், கிளப்பிங்’ என்று புலம்பினார்.

மாமியார் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே கேட்டார்: “யாருடா கிளப்பி விட்டது?”

“யாரும் கிளப்பலமா. சட்டமே அப்படி இருக்குது.”

“சட்டமே கிளப்பி விடுதா? அப்ப ஊர்க்காரங்கள சொல்லி என்ன புண்ணியம்!”

இந்த நிலைமையில்தான் பாய் முன்னால் உட்கார்ந்திருந்தோம். ரேஷன் கார்டுக் கேள்வியை அவர் பொறுமையாகக் கேட்டார்.

“தம்பி, சோறு ஒண்ணா துன்னுங்க, யார் வேணாங்கறா? வரி ஆளுக்கு ஆள் தனி. கல்யாணம் பண்ணிக்கினா ரெண்டு பான் கார்டு ஒண்ணாயிடாது. சரி, டிசைன் போட்டது யாரு?”

“லேப்டாப் வாங்கிக் குடுத்தது நான்.”

“அத நான் கேக்கல. தறி வாங்கிக் குடுத்தவன் நெசவாளி ஆயிடுவானா?”

“இந்த ஊர்ல ஆயிக்கினுதானே பாய் இருக்கான்!”

பாய்க்கு இருமல் வந்துவிட்டது. இதற்கு வருமான வரிச் சட்டத்தில் பதில் இல்லை போலிருக்கிறது. தண்ணீர் குடித்துவிட்டு, என் போனை வாங்கி ஒரு படத்தைக் காட்டினார்.

“நாளைக்கு ஆபீசர் கேட்டா சொல்லணும் இல்ல? இது என்ன?”

வீட்டுக்காரர் உற்றுப் பார்த்தார். “வாத்து.”

“அன்னமுங்க” என்றேன். அதை வரைய எனக்கு ஒரு வாரம் பிடித்திருந்தது.

“கொண்டையெல்லாம் வச்ச வாத்து” என்று முணுமுணுத்தார்.

பாய் விளக்கினார். புருஷன் தன் சொத்தைப் பெண்டாட்டி பேருக்கு மாற்றி, அதிலிருந்து வரும் வருமானத்தைக் காட்டினால்தான் கிளப்பிங். பெண்டாட்டி தன் கைவித்தையால் சம்பாதித்தால் அது அவளுடையது. டிசைனெல்லாம் என் மெயிலிலிருந்து போயிருக்கிறது. அது சாட்சிக்குப் போதும். இனி பணம் என் அக்கவுண்டுக்கு வரட்டும். இதுவரை சேலைக் கம்பெனி பிடித்த வரிக்கு மட்டும் இவர் அந்தக் கம்பெனிக்கு எழுதித் தரவேண்டும்: இந்த வருமானம் என்னுடையது இல்லை, என் மனைவியுடையது, அவள் நம்பருக்கு மாற்றுங்கள், காரணம் இன்னது என்று.

“உனக்கும் வரி கொறையும் தம்பி. அம்மாவுக்கு லோனும் ஆவும். இங்கிலீஷ்ல நான் அடிச்சி கூட வச்சிடறேன். நீ உன் கைப்பட தமிழ்ல எழுதிக் குடு.”

வரி குறையும் என்று தெரிந்த பிறகும் யோசித்த ஒரே மனிதரை அன்றைக்குத்தான் பார்த்தேன். காசு மிச்சம் என்கிற சந்தோஷம் ஒரு கன்னத்தில், பஸ்ஸில் சொன்னதெல்லாம் என்னாவது என்கிற கவலை மறு கன்னத்தில். எனக்கோ மாடி அறை அந்தப் பேனா முனையில் தொங்கிக்கொண்டிருந்தது. வாயைத் திறக்கவில்லை. திறந்தால் பேனாவை மூடிவிடுவார் என்று தெரியும். குடும்பம் நடத்துகிறவளுக்கு அது தெரியாதா?

எழுதினார். பாய் வாங்கிப் படித்தார். “‘இந்த டிசைன் வேலையை என் மனைவியும் செய்தார்.’ தம்பி, அந்த ‘உம்’ எதுக்கு?”

“சும்மா ஒரு இதுக்கு.”

“அந்த ரெண்டு எழுத்துல பாதி வருமானம் உன் தலைக்கே திரும்பி வந்துடும்பா. இவங்களுக்குப் பாதி லோனுதான் கெடைக்கும்.”

வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் சுற்றாத மின்விசிறியைப் பார்த்தேன். தாளை இழுத்து ‘உம்’மை அடித்தார். அடித்த அடியில் தாளே கிழிந்தது. பாய் வேறு தாள் ஒன்றை நகர்த்தி வைத்தார்.

மறுபடி முதலிலிருந்து எழுதினார். மெதுவாக, கோணல் இல்லாமல். எழுதி முடித்ததும் பாயிடம் தரவில்லை. என் பக்கம் தள்ளி, “பாரு, எதனா தப்பு இருக்குதா?” என்றார். படித்துப் பார்த்து, இல்லை என்று தலையாட்டினேன். கீழே கையெழுத்துப் போட்டார்.