எனக்கென்று ஒரு தனி சஹன்

எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் இலை போடுவதில்லை. சஹன் என்கிற பெரிய தட்டில் நெய்ச்சோற்றைக் குவித்து நடுவில் ஆட்டுக்கறியை வைப்பார்கள். நான்கு பேர் அதைச் சுற்றி உட்கார்ந்து, அந்த ஒரே தட்டிலிருந்து சாப்பிட வேண்டும். திருப்பாலைக்குடியில் பிறந்தவனுக்கு இதையெல்லாம் யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

என் மனைவியின் அண்ணன் மகள் கல்யாணத்தில் நானும் அப்படித்தான் உட்கார்ந்தேன். எதிரே வந்து அமர்ந்தவரிடம் மீன்பாடு எப்படி என்று விசாரித்தேன். பதில் சொல்ல வாயெடுத்தவர், யாரோ கூப்பிடுவதாகச் சொல்லி எழுந்து போனார். அடுத்து வந்தவர் இந்தப் பக்கம் ஃபேன் காற்றே வரவில்லை என்று இடம் மாறினார். மூன்றாமவர் என் சலாமுக்குப் பதில் சொன்னபடியே நடையைக் கட்டினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. சொந்தமாகப் படகு வைத்திருப்பவன், மரியாதைக்காக ஒதுங்குகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, நான்கு பேர் கறியையும் முடிந்தவரை நானே தின்று தீர்த்தேன்.

விஷயம் கல்யாண வீடியோவில்தான் வெளிப்பட்டது. ட்ரோன் விட்டு எடுத்திருந்தார்கள். வீடே டிவி முன்னால் உட்கார்ந்திருந்தது. பந்தி முழுக்கத் தலைகள் முட்டிக்கொண்டு கிடக்க, நடுவில் ஒரு சஹன், அதன் முன்னால் நான் மட்டும். அந்த ட்ரோனுக்கு என்ன கோபமோ, என்னையே சுற்றிச் சுற்றி வந்தது. யாராவது சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. ஒருவரும் சிரிக்கவில்லை.

"என்னத்துக்கு எல்லாரும் எந்திரிச்சுப் போனாக?" என்று மனைவியைக் கேட்டேன்.

"கோவிச்சுக்காதீக. ஒங்க வாயி நாறுது. சொன்னா எரிஞ்சு விழுவீகன்னுதான் இத்தன நாளா சொல்லல."

எரிந்துதான் விழுந்தேன். ஐந்து வேளைத் தொழுகைக்கும் ஒளூ செய்து வாய் கொப்பளிக்கிறவன் நான். ஹஜ்ஜுக்குப் போய் வந்தவர்கள் கொடுத்த, பல் துலக்கும் மிஸ்வாக் குச்சி என் சட்டைப்பையில் எப்போதும் இருக்கும். இதற்கு மேல் என்ன சுத்தம் வேண்டும்? உண்மையில் எனக்குப் பயம். கீழ்வரிசை முன்பல் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. ஈறிலும் ரத்தம் வந்தது. டாக்டரிடம் போனால் பிடுங்கிவிடுவார்கள் என்று யாரிடமும் மூச்சு விடவில்லை.

ஆனால் அடுத்த மாதம் என் மகளுக்கு நிக்காஹ். பெண்ணைப் பெற்ற அத்தா நான், சம்பந்தியோடு ஒரே சஹனில் உட்கார்ந்தே ஆக வேண்டும். அவரையும் யாராவது கூப்பிட்டுவிட்டால்? உள்ளங்கையில் ஊதி ஊதி மோந்து பார்த்தேன். அதைப் பார்த்துத்தானோ என்னவோ மனைவி சொன்னாள்: "சனிக்கிழம ராமநாதபுரத்துக்குப் போறேன், சேல எடுக்கணும். கூட வாரீகளா?"

ஜவுளிக்கடை என்று நம்பி அவள் காட்டிய மாடிப்படியில் ஏறினேன். மேலே பல் ஆஸ்பத்திரி. திரும்பி ஓடலாமென்றால் அவள் படியை அடைத்துக்கொண்டு நின்றாள்.

டாக்டர் என் மகள் வயதுப் பெண். நான் வாயைத் திறந்ததும் ஒரு மாஸ்க்குக்கு மேல் இன்னொன்றை மாட்டிக்கொண்டார். விடுவேனா, மிஸ்வாக்கை எடுத்துக் காட்டினேன்.

"நல்ல குச்சிதான், விட்றாதீங்க. ஆனா பல்லுல காரை இறுகிப்போச்சுன்னா குச்சிக்கும் வராது, பிரஷ்ஷுக்கும் வராது. மெஷின் வச்சுத்தான் எடுக்கணும். ஈறுக்கு அடியில போயிருக்கு. அதான் ரத்தம், அதான் ஆட்டம். இப்படியே விட்டா நான் பிடுங்க வேணாம், தானா விழுந்துரும்."

மெஷின் கீச்சென்று கத்தியது. நடுவில் துப்பச் சொன்னார். தொட்டியில் விழுந்த சில்லுகளைக் குனிந்து பார்த்தேன். படகின் அடியில் ஒட்டிக்கிடக்கும் சிப்பி போலவே இருந்தது. படகைக் கரையேற்றி, ஆள் விட்டுச் சுரண்டாமல் ஒரு வருஷம்கூட விட்டவனில்லை நான். விட்டால் கட்டையே கெட்டுப்போகும் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவன். வாயை மட்டும் ஒரு தடவைகூடக் கரையேற்றவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

ஆடிய பல்லை அவர் தொடவில்லை. ஈறு இறுகுகிறதா பார்க்கலாம், ஆனால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை தவறாமல் வந்துவிட வேண்டும் என்றார்.

நிக்காஹ் முடிந்து பந்தி. சம்பந்தி எதிரே உட்கார்ந்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் சலாம் சொன்னேன். அவர் எழுந்திருக்கவில்லை. நல்ல கறித்துண்டு ஒன்றைப் பிய்த்து என் பக்கம் தள்ளி வைத்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்போதுதான் என் மனைவியின் அண்ணன், ட்ரோன் விட்டு மகள் கல்யாணத்தை நடத்திய அதே மச்சான், வந்து வலப்பக்கம் உட்கார்ந்தார். சஹன் மேலே குனிந்து, "நெய்ச்சோறு அருமை!" என்று வாய் நிறையச் சொன்னார். வாடை குப்பென்று வந்தது. என்னுடையது போனபிறகுதான் அடுத்தவருடையது தெரிகிறது. சம்பந்தி நிமிர்ந்து, யாராவது தன்னைக் கூப்பிடுகிறார்களா என்று தேட ஆரம்பித்தார்.

நான் அவசரமாக மச்சானின் காதருகே சாய்ந்தேன். "மச்சான், சனிக்கிழம ராமநாதபுரத்துக்குப் போறேன், சேல எடுக்கணும். கூட வாரீகளா?"