அமுங்கிய ஸ்பிரிங்

நடந்ததைத்தான் சொல்கிறேன். நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் உங்கள் பாடு. யாராவது மணி சொன்னால்கூட நிமிர்ந்து கடிகார முள்ளைப் பார்த்த பிறகுதான் நான் தலையாட்டுவேன். காலமெல்லாம் லாரி ஓட்டியவன். ஆள் அரவமில்லாத ரோட்டில் வண்டியை ஓரம் கட்டித் தூங்கியிருக்கிறேன். பேய் எதுவும் வந்து டயரைக் கழற்றவில்லை. மனுஷன்தான் கழற்றினான்.

பேய் ராத்திரியில்தான் வரும் என்கிறார்கள். எனக்கு வந்தது சாயங்காலம் நாலரை மணிக்கு. சுவரில் வெயில் இருந்தது. அடுப்பில் டீ கொதித்துக்கொண்டிருந்தது.

என்ஜின் சத்தம் என் காதைப் பாதி தின்றுவிட்டது. அதனால் பாட்டை நான் நெஞ்சால்தான் கேட்பேன். அதற்கென்றே இடுப்பு உயரத்துக்கு ஒரு ஸ்பீக்கர் பெட்டி. பாட்டு வைத்தால் தரை அதிரும். கீழ் வீட்டுக்காரனுக்குப் பொறுக்காது. தடியால் கூரையை இடிப்பான்.

டொக், டொக்... டொக்.

எப்போதும் மூன்றுதான். முதல் இரண்டும் அடுத்தடுத்து விழும். மூன்றாவது கொஞ்சம் நின்று வரும், இந்த ஆளுக்கு இது போதுமா என்று யோசித்து இடிக்கிற மாதிரி. தடிக்காரன் என்றே அவனுக்குப் பேர் வைத்திருந்தோம்.

ஒரு நாள் மாடிப்படியில் என்னை மடக்கினான். வீட்டு ஓனரம்மாவையும் கூட்டி வந்திருந்தான்.

"யோவ் பெருசு, ராவும் பகலும் என் தலைக்குள்ள உன் பெட்டிதான் ஓடுது."

"காலி இடம்னா எது வேணா ஓடும்."

ஓனரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனுக்கு வரவில்லை.

"இரு. ஒரு நாள் மேல வந்து அந்தப் பெட்டி மேலயே ஏறி உக்காந்துக்கறேன். அப்புறம் எப்படி ஆடுதுன்னு பாக்கறேன்."

"வா. உக்காந்தா எழுந்திருக்க விடமாட்டேன்."

ஓனரம்மா கையை நீட்டித் தடுத்தார். "போதும் நிறுத்துங்க. பெரியவரே, இன்னொரு தடவ இவரு புகார்னு வந்தா நீங்க வீட்டக் காலி பண்ணிடுங்க. சொல்லிட்டேன்."

என் வீட்டுக்காரிக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டது. இந்த வீட்டுக்குக் குடிவந்தபோதே, "இதுக்கு மேல என்னை வேற படி ஏத்தாதீங்க" என்று அழுதவள். பெட்டியையும் விட மனமில்லை, வீட்டையும் விட முடியாது. அதனால்தான் மாப்பிள்ளை சொன்னதைக் கேட்டேன்.

அவர் பாட்டுச் சாமான் பைத்தியம். பெட்டிக்கு அடியில் வைத்தால் அதிர்வு தரைக்குப் போகாது என்று நாலு ஸ்பிரிங் கால் கொண்டுவந்தார். கிண்ணம் மாதிரி இரண்டு மூடி, நடுவே சின்னச் சின்ன ஸ்பிரிங்குகள்.

"லாரி ஸ்பிரிங் பட்டையே பாத்தவன் நான். இது என்ன, பேனாவுல இருந்து கழட்டினதா?"

"கிண்டல் பண்ணாதீங்க மாமா. பெட்டியோட கனத்துக்கு ஏத்த மாதிரி ஸ்பிரிங் போடணும். பாதி அமுங்கி நிக்கணும். அப்ப கீழ இருக்கறத மேல விடாது, மேல இருக்கறத கீழ விடாது."

பெட்டியைத் தூக்கி வைத்தோம். அடியில் தீப்பெட்டி ஒன்றைத் தள்ளிப் பார்த்தார். சரியாக நுழைந்தது. "இந்த இடைவெளி குறைஞ்சா மேல பாரம் கூடிடுச்சுன்னு அர்த்தம்" என்றார். எனக்கு யாரையும் நம்பிப் பழக்கமில்லை. அந்தத் தீப்பெட்டியைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு தினமும் தள்ளிப் பார்த்தேன். தினமும் நுழைந்தது.

பாட்டு வைத்தேன். கீழேயிருந்து சத்தமில்லை. மறுநாள் இன்னும் கூட்டி வைத்தேன். அப்போதும் இல்லை. தடிக்காரன் தோற்றான் என்று இருந்தேன்.

அடுத்த வாரம் அந்தச் சாயங்காலம். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

டொக், டொக்... டொக்.

பாட்டை நிறுத்தினேன். "ஆரம்பிச்சுட்டான் பாரு" என்றேன். வீட்டுக்காரி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"பாட்டுதான் நின்னுடுச்சே. இன்னும் எதுக்கு இடிக்கிறான்?"

"நம்மள விரட்டத்தான். நாம பாட்டு வெச்சோம்னு சொல்லிடுவான்."

டொக், டொக்... டொக்.

குனிந்து உள்ளங்கையைத் தரையில் வைத்தேன். அவன் இடித்தால் தரை கையில் குத்தும். எனக்கு அது பழகிப்போனது.

டொக், டொக்... டொக்.

தரை சும்மா கிடந்தது.

மேஜைமேல் இருந்த தண்ணீர் டம்ளரை எடுத்துத் தரையில் வைத்தேன். சத்தம் வந்தது. தண்ணீர் அசையவில்லை. அதே டம்ளரைப் பெட்டிமேல் வைத்தேன்.

டொக். தண்ணீரில் வட்டம்.

டொக். இன்னொரு வட்டம்.

நின்றது... டம்ளரையே பார்த்தேன்...

டொக்.

பிளக்கைப் பிடுங்கினேன். வயரைக் கையில் வைத்துக்கொண்டே நின்றேன். அப்போதும் வந்தது.

"என்னங்க..." வீட்டுக்காரி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "பெட்டி சாஞ்சிருக்கு பாருங்க."

சாய்ந்திருந்தது. முன்பக்கம் தாழ்ந்து, பின்பக்கம் தூக்கி. ஒருத்தன் விளிம்பில் தொற்றி ஏறுகிறபோது சாயுமே, அப்படி.

க்ரீச்...

பின்பக்கமும் இறங்கியது.

தீப்பெட்டியைத் தள்ளினேன். நுழையவில்லை.

நாலு பக்கமும் தள்ளினேன். நுழையவில்லை.

பெட்டிமேல் கை வைத்தேன். சூடு. ஆள் உட்கார்ந்த நாற்காலிச் சூடு.

கையை எடுத்தேன்.

எனக்குப் பயம் வந்தால் கோபம்தான் வரும். விறுவிறுவென்று கீழே இறங்கிப் போனேன். தடிக்காரன் கதவில் பூட்டு தொங்கியது. பூட்டின்மேல் தூசி. ஓனரம்மா வாசலில் போனும் கையுமாக நின்றிருந்தார்.

"எங்க அவன்? மேல இடிச்சுட்டு எங்க ஓடினான்?"

"யாரு ஓடினாங்க? அவருக்கு நெஞ்சு வலின்னு அவங்க அக்கா வந்து கூட்டிட்டுப் போயி ஒரு வாரமாச்சே. உங்க மாப்பிள்ளை என்னமோ சாமான் தூக்கிட்டு வந்தாரே, அதே அன்னிக்குத்தான். இப்பதான் அவங்க அக்கா போன் பண்ணினாங்க. நாலரைக்கு உயிர் போயிடுச்சாம்."

படியில் உட்கார்ந்துவிட்டேன். கீழே ஆளே இல்லாத வாரம் அது. ஸ்பிரிங் வேலை செய்ததா என்று பார்க்க யாருமே இல்லை. நான்தான் ஜெயித்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

மேலே வந்தேன். வீட்டுக்காரி அதே இடத்தில் நின்றிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

"மேல இருக்கறத கீழ விடாதுன்னாரே மாப்பிள்ளை..." என்றாள். "அதக் கழட்டுங்க. அவரு இறங்கிப் போகட்டும்."

பெட்டியைப் பக்கவாட்டில் சாய்த்தேன். இரண்டு பேர் தூக்கிய பெட்டிதான். அன்று அதைச் சாய்க்கவே எனக்கு முதுகு பிடித்துக்கொண்டது. நாலு காலையும் இழுத்து எடுத்தேன். சட்டென்று பெட்டி லேசானது. கால்களை அட்டைப்பெட்டியில் போட்டுக் கட்டினேன். நிமிர்ந்து பார்க்கவில்லை, குனிந்தும் பார்க்கவில்லை.

மறுநாள் மாப்பிள்ளை வந்து எடுத்துக்கொண்டு போனார். "ஏன் மாமா, பிடிக்கலையா?" என்றார். "ஒத்துவரல" என்றேன். பேயை நம்பாதவன் வேறு என்ன சொல்வேன்?

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் சத்தமே இல்லை. கீழே புகார் சொல்ல ஆளும் இல்லை. ஓனரம்மா காலி பண்ணச் சொல்லவில்லை. வீட்டுக்காரி அதே படியில் ஏறி இறங்குகிறாள். போகட்டும், வீடு மிஞ்சியது என்று இருந்தேன்.

நேற்று மாப்பிள்ளை போன் செய்தார். பின்னால் என் மகள் யாரையோ, "யாரு? யாரு தட்டறது?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"மாமா, அந்த ஸ்பிரிங் கால் மேல அங்க என்ன வெச்சீங்க?"

"பெட்டிதான். ஏன்?"

"இன்னிக்குத்தான் அட்டைப்பெட்டியப் பிரிச்சு அலமாரியில எடுத்து வெச்சேன். நாலும் அடி வரைக்கும் அமுங்கியே இருக்கு. நிமிர மாட்டேங்குது."

"மேல இருக்கறத எடுங்க, நிமிரும்."



"மேல ஒண்ணுமே வெக்கலையே, மாமா..."