பாரிஸ்காரர் வைத்த மதிய விருந்து

பெண் பார்க்க வருகிறவர்கள், பேச்சு முற்றாகும் வரைக்கும் பெண் வீட்டில் சாப்பிடக் கூடாது. சாப்பிட்டால் சம்மதம் என்று அர்த்தம். எங்கள் ஆட்களில் பாதிப்பேர் இதை எப்போதோ கைவிட்டுவிட்டார்கள். எனக்குப் பார்த்த மாப்பிள்ளையைப் பாரிஸிலிருந்து கூட்டிக்கொண்டு மொன்றியலுக்கு வந்திறங்கிய அவரது மாமா மட்டும் விடுவதாக இல்லை. பார்க் எக்ஸ்டென்ஷனில் எங்கள் வீட்டுப் படியேறி வந்தவர், அம்மா நீட்டிய தேத்தண்ணியைக்கூட வாங்கவில்லை. "பேந்து பாப்பம்" என்று கையைக் காட்டினார். அம்மா விடிய எழும்பிப் பொரித்த ரோல்ஸ் மேசையில் கிடந்து ஆறிப்போயின.

பேச்சு முற்றானால் நான் பாரிஸுக்குப் போக வேண்டும். வில்லரேயில் ஒரு கார்டெரியில் சின்னப் பிள்ளைகளைப் பார்க்கும் வேலை எனக்கு. அதை விட்டு, இந்த ஊரை விட்டுப் போக எனக்குத் துளியும் விருப்பமில்லை. வீட்டில் எல்லாருக்கும் இது தெரியும். தெரிந்ததால்தான் ஒருவரும் என்னிடம் கேட்கவில்லை. மாப்பிள்ளையைப் பார்வைக்குக் குறை சொல்ல முடியாது. வாயைத் திறந்தால்தானே மிச்சம் தெரியும்!

மறுநாள் மாமா எங்களுக்கு வெளியே விருந்து வைப்பதாகச் சொன்னார். நகரத்துக்கு வெளியே திராட்சைத் தோட்டங்கள் இருக்கின்றன என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். அப்பாவின் பழைய வானில் கிளம்பினோம். மாமா புதுக் கமராவால் கண்ட கொடியையெல்லாம் படமெடுத்துக்கொண்டே, "உதையே தோட்டம் எண்டுறியள்? எங்கட பிரான்ஸில வந்து பாருங்கோ" என்றார். பிரான்ஸ் அவருக்குச் சீதனமாக வந்ததுபோல ஒரு கதை. அப்பா வானை ஓட்டியபடி, "ஓம் அண்ணை, ஓம் அண்ணை" என்று வந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தோட்டங்களுக்கு நடுவே ஒரு சின்ன ஊரில் பிரசரி என்று பலகை போட்ட சாப்பாட்டுக் கடை ஒன்றுக்குள் நுழைந்தோம். மேசையில் வெள்ளைத் தாள் விரித்திருந்தார்கள். பரிமாறும் பெண் சிரித்த முகத்தோடு வந்து கெபெக் பிரெஞ்சில் கதைத்தாள். மாமா முகத்தைச் சுளித்தார். "உவையள் கதைக்கிறது பிரெஞ்சோ?" அதே பிரெஞ்சைத்தான் நானும் கதைக்கிறேன் என்பது அவருக்கு நினைவில்லை. உணவுப் பட்டியலை எங்கள் கையில் தராமலே எல்லாருக்கும் தானே சொல்லிவிட்டு, "ஆறுதலா இருந்து சாப்பிடோணும். அதுதான் பிரெஞ்சுக்காரற்ற முறை" என்றார்.

வைனைச் சுழற்றினார், முகர்ந்தார், வாயில் வைத்துக் கொப்பளித்தார். "அந்தாளுக்குத் தொண்டை நோவோ?" என்று அம்மா என் காதில் கேட்டாள். பாண் வந்தது. பிறகு வெகுநேரம் ஒன்றுமே வரவில்லை. தொழிற்சாலையில் மணியடிக்குமுன் சாப்பிட்டு எழும்பிப் பழகிய அப்பா, பாண் கூடையைக் காலி செய்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டிருந்தார். கடைசியில் வந்தது, கொத்திய பச்சை மாட்டிறைச்சி, அதன் மேல் ஒரு பச்சை முட்டைக்கரு. எங்கள் வீட்டு அடுப்பில் மாடே ஏறாது.

"அவிக்க மறந்துபோச்சினம் போல" என்றாள் அம்மா.

பரிமாறும் பெண் என் முகத்தைப் பார்த்துவிட்டு, வேறு ஏதாவது கொண்டுவரட்டுமா என்று கேட்டாள். மாமா அவளை மறித்தார். "வேண்டாம். பாரிஸுக்கு வாற பிள்ளை பழகத்தானே வேணும்." நான் கத்தியையும் முள்ளுக்கரண்டியையும் வைத்துவிட்டுத் தண்ணீரைக் குடித்தேன். பழகிய மாமாவோ இரண்டு வாய் வைத்துவிட்டு, மீதியைத் தட்டுப் பூராவும் பரப்பிக்கொண்டிருந்தார்.

சரி, ஒரே ஒரு தடவை கேட்டுப் பார்ப்போம் என்று மாப்பிள்ளையிடம் திரும்பினேன். "நீங்கள் மொன்றியலுக்கு வந்து இருப்பீங்களோ?"

அவர் மாமாவைப் பார்த்தார்.

"அவருக்குப் பாரிஸ்தான்" என்றார் மாமா. மாப்பிள்ளை தலையாட்டிவிட்டு, பொரித்த உருளைக்கிழங்கு ஒன்றை எடுத்து வாயில் போட்டார். சீ, என்ன மனிசன்!

பொழுது சாயும் நேரத்தில் வெளியே வந்தோம். அம்மா வானின் பின்கதவைத் திறந்தாள். யாரை நம்பி வெறுங்கையோடு வருவது என்று புட்டும் ஆட்டிறைச்சிப் பிரட்டலும் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். மூடியைத் திறந்ததும் மாமா மூக்கை நீட்டினார். "உதென்ன வாசம்?" அதற்குப் பிறகு பிரெஞ்சுக்காரர் முறையாவது மண்ணாவது. கார் தரிப்பிடத்தில் நின்றபடியே கையால் பிசைந்து வெளுத்துக் கட்டினார். மருமகனும் குனிந்த தலை நிமிரவில்லை. மாமா இரண்டாந்தரமும் வாங்கிச் சாப்பிட்டு, விரலைச் சூப்பிக்கொண்டு அறிவித்தார்.

"சரி, சாப்பிட்டாச்சு. இனி என்ன? எங்களுக்குச் சம்மதம். நல்ல நாள் பாருங்கோ."

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஒருவரும் என் பக்கம் திரும்பவில்லை.

"அங்கிள், நீங்கள் எங்கட சாப்பாட்டைச் சாப்பிட்டனீங்கள். நீங்கள் தந்த சாப்பாட்டை நான் தொடேல்லை."

"அதுக்கு?"

"அப்ப எனக்குச் சம்மதமில்லை. உங்கட சட்டம்தானே!"

அம்மாவின் கையிலிருந்த அகப்பை அப்படியே நின்றது. மாமா என்னை விட்டுவிட்டு நேரே அப்பாவிடம் திரும்பினார்.

"பிள்ளையை இப்பிடியோ வளர்த்து வச்சிருக்கிறியள்?"

அப்பா என்னை ஒருதரம் பார்த்தார். பிறகு பொக்கெட்டிலிருந்து திறப்பை எடுத்து, எனக்கு வானின் முன்கதவைத் திறந்துவிட்டார்.

"ஓம் அண்ணை" என்றார்.